ஈரச் சட்டை

போதகர் இறந்த பிறகு அவர் மனைவி அழவே இல்லை. சபையார் மலைக்கிராமத்துக்கு ஊழியத்துக்குப் புறப்பட்டபோது, நர்ஸ் என்பதால் அவளையும் அழைத்தார்கள். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை என்று போனாள். சபையிலிருந்து அதுவரை யாரும் அங்கே போனதில்லை.

சாலை முடிந்த இடத்திலிருந்து மருந்துப் பெட்டியைச் சுமந்து நடந்தார்கள். முதல் வீட்டில் ஒரு பெண் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

“வாங்கக்கா. ஏன் இவ்வளவு நேரம்? உங்க வீட்டுக்காரர் காலையிலயே வந்துட்டாரே!”

“யாரைச் சொல்றீங்க?”

“போதகரைத்தான். சட்டையெல்லாம் ஒரே மண்ணு. கழட்டிக் குடுங்கன்னு வாங்கித் துவைச்சுப் போட்டேன்.”

கொடியில் வெள்ளைச் சட்டை தொங்கியது. ஒரு பொத்தான் மட்டும் கறுப்பு நூலில் தைக்கப்பட்டிருந்தது. சவப்பெட்டியை மூடுமுன், வெள்ளை நூல் கிடைக்காமல், அவள்தான் அவசரமாக அதைத் தைத்திருந்தாள்.

“இப்ப எங்கே?”

“மேல் வீடுகளுக்குப் போயிருக்கார். அவ பட்டினியா வருவா, முதல்ல சோறு போடுன்னு சொல்லிட்டுப் போனார்.”

கூட வந்தவர்கள் ஜெபிக்கத் தொடங்கினார்கள். அவள் ஜெபிக்கவில்லை. கை கழுவி, தட்டை வாங்கிக்கொண்டு கொடிக்கு அடியில் உட்கார்ந்தாள். வெகுநாளைக்குப் பிறகு பசித்தது. சட்டையின் ஈரம் அவள் தோளில் சொட்டிக்கொண்டிருந்தது.