லாத்தம் வீட்டுக் கையெழுத்து

பதினெட்டுத் தாள்கள் வந்துவிட்டன. லாத்தம் வீட்டுத் தாள் மட்டும் பாக்கி.

பிப்ரவரி முதல் புதன்கிழமை என்றால் மிசிசிப்பியில் எந்தக் கல்லூரியிலும் இதே கூத்துதான். விடிந்ததும் விடியாததுமாக ஃபேக்ஸ் மெஷினைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தடியாட்கள், பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பாக்களைப் போல நின்றுகொண்டிருப்பார்கள். மேலே பையனின் கையெழுத்து, கீழே அம்மாவின் கையெழுத்து என்று ஒவ்வொரு தாளாக வந்து விழும். விழுந்ததும் கைதட்டல். அதோடு அந்தப் பையன் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சொந்தம். கல்லூரிக்குத்தான். அவனைப் பேசிக் கூட்டிவந்த கோச்சுக்கு அல்ல.

முன்வரிசைப் பையன்களின் கோச் ஹார்லன் பிக்கெட் மட்டும் இன்று ஒருமுறைகூடக் கைதட்டவில்லை.

நண்பகலோடு அவருக்கு வேலை இல்லை. அவருக்கு மட்டுமல்ல, தோற்றுக்கொண்டே இருந்ததால் தலைமை கோச் ஹோல்கமையும் அவருக்குக் கீழே இருக்கும் ஒன்பது பேரையும் சேர்த்து அனுப்புகிறார்கள்.

ஹோல்கமுக்குக் கவலை கிடையாது. நடுவில் அனுப்பினால் மீதி நான்கு வருடச் சம்பளமும் வீடு தேடி வரவேண்டும் என்று அவருடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. தோற்றதற்காக இப்படி உட்காரவைத்துச் சோறு போடும் தொழில் வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை. மனிதர் ஓரமாக நின்று மூன்றாவது டோனட்டைத் தின்றுகொண்டிருந்தார். மற்ற ஒன்பது பேரின் ஒப்பந்தம் சின்னது. அவர் போனால் நீங்களும் போகலாம் என்பதுதான் அதன் சாரம்.

தாள்கள் எல்லாம் வந்து சேரும்வரை விஷயம் வெளியே கசியக் கூடாது. கசிந்தால் எந்த அம்மா கையெழுத்துப் போடுவாள்?

ஆறு மணிக்கே விளையாட்டுத் துறைத் தலைவர் குரூம்ஸ் ஹார்லனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "அந்த லாத்தம் பையன் தாளை மட்டும் எப்படியாவது வரவச்சுடு. ஜூன் வரைக்கும் உன் பேரைச் சம்பள லிஸ்ட்ல வச்சிருக்கேன். லோரீனோட வைத்தியம் நிக்காது."

லோரீன் ஹார்லனின் மனைவி. மார்பில் புற்று. மே மாதம் வரை இன்னும் ஐந்து ஊசி. வேலை போனால் காப்பீடும் போகும், ஊசியும் போகும்.

ஏழு நாற்பதுக்கு ஹார்லனின் செல்போன் அடித்தது. வெர்னீஸ் லாத்தம். கோழி ஆலையில் இரவு வேலையை முடித்துவிட்டு நேரே மகனின் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் மணி அடிப்பது கேட்டது.

ஹார்லன் தாழ்வாரத்துக்கு நகர்ந்தார்.

"தாளை மெஷின்ல வச்சுட்டேன் கோச். பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி உங்க வாயால ஒரு தடவை சொல்லிடுங்க. நாலு வருஷமும் நீங்க அவன்கூட இருப்பீங்கல்ல?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவள் மகன் டெரலுக்கு முழங்காலில் கத்தி வைத்து எட்டு மாதம்தான் ஆகிறது. முதல் வருடம் களத்தில் இறக்காமல் கால் ஆறட்டும் என்று விடுகிறேன் என அவள் சமையலறையில் உட்கார்ந்து, அவள் பொரித்துப் போட்ட மீனைத் தின்றுகொண்டே, வாக்குக் கொடுத்தவர் ஹார்லன். புதிதாக வருகிற கோச்சை அந்த வாக்கு கட்டுமா? நொண்டிக் காலை ஒரு வருடம் பார்ப்பான். பிறகு படிப்புக்குக் கல்லூரி தரும் உதவித்தொகையை நிறுத்திவிட்டுத் தன் ஆளைக் கொண்டுவருவான்.

பத்தொன்பது வருடத்தில் ஏழு கல்லூரி. எத்தனையோ சமையலறைகளில் இதே கேள்விக்கு ஹார்லன் கண்ணிமைக்காமல் ஆமாம் என்றிருக்கிறார். அந்த ஆமாமில்தான் குடும்பம் ஓடியது.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் குரூம்ஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமுக்காதீங்கம்மா," என்றார் ஹார்லன். "மத்தியானம் எங்க எல்லாரையும் அனுப்பறாங்க. நான் இருக்க மாட்டேன். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க."

உண்மையைச் சொன்னால் மனம் லேசாகும் என்பார்கள். அப்படி ஒன்றும் ஆகவில்லை. லோரீனிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"தெரியும் கோச்," என்றாள் வெர்னீஸ். "திங்கக்கிழமையே காதுல விழுந்துச்சு. நீங்க பொய் சொல்றீங்களான்னுதான் கேட்டேன்."

"அப்போ கிழிச்சுடுங்கம்மா."

"கிழிச்சுட்டு? ஞாயித்துக்கிழமை எங்க வீட்ல உட்கார்ந்துக்கிட்டு, அவனைக் கூப்பிட்ட மத்த ரெண்டு காலேஜுக்கும் அவனையே போன் போட்டு வரலைன்னு சொல்ல வச்சீங்களே. நேத்து ரெண்டு எடத்துலயும் கெஞ்சிப் பார்த்தேன். எடம் நெறைஞ்சிடுச்சாம். இனிமே அவனை நான் எங்க கொண்டுபோய் விடறது?"

பையன் மனம் மாறிவிடாமல் இருக்க, கூடவே உட்கார்ந்து மற்ற கதவுகளை அவன் கையாலேயே சாத்த வைப்பது இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். ஹார்லன் அதை மற்றவர்களைவிட நன்றாகச் செய்வார் என்று பெயர்.

வெர்னீஸ் போனை வைத்துவிட்டாள்.

உள்ளே மெஷின் கிர்ரென்றது. தாள் வந்து விழுந்தது. மேலே டெரல் லாத்தம், கீழே வெர்னீஸ் லாத்தம். அறையே கைதட்டியது. ஹோல்கம்கூட டோனட்டைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

குரூம்ஸ் வெளியே வந்து ஹார்லனின் தோளில் கை போட்டார். "சாதிச்சுட்டப்பா. ஜூன் வரைக்கும் நீ கவலையே படாதே."

தான் போனில் என்ன சொன்னோம் என்பதை ஹார்லன் அவரிடம் சொல்லவில்லை. லோரீனுக்கு ஐந்து ஊசியும் உண்டு என்று நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி பரவியது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் அது பரவிக்கொண்டேதான் இருந்தது.