கத்தரீனாவின் அளவு

சட்டை தலைவழியே இறங்கித் தோளில் சரியாக உட்கார்ந்தது.

லூர்த்தம்மா முதுகுப்பக்கத்துப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். எங்கும் இழுபடவில்லை. எங்கும் தொங்கவும் இல்லை.

கத்தரீனா கையை உயர்த்தினாள், இறக்கினாள், ஒருமுறை சுற்றினாள். சட்டை விரிந்து முழங்காலுக்குக் கீழே வந்து அடங்கியது.

லூர்த்தம்மாவின் வாசற்படியில் நின்ற சிமியோன் மகளைப் பார்த்தபடி அசையாமல் நின்றான். அவன் மனைவி செபஸ்தியம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

தாயும் மகளும் கிளாலிக் கடலைக் கடந்து யாழ்ப்பாணத்துக் குருநகருக்கு வந்து சேர்ந்தது முந்தின நாள்தான். ஊரைவிட்டுப் போகும்போது கத்தரீனாவுக்கு ஐந்து வயது. இப்போது பதின்மூன்று.

அந்தச் சட்டைக்கான சீத்தைத் துணியை சிமியோன் வாங்கியது எண்பத்தைந்தில். வலைக்கு நூல் வாங்கத்தான் பெரியகடைக்குப் போனான். ஒரு கடை வாசலில் தொங்கிய துணியைக் கண்டு சைக்கிளை நிறுத்திவிட்டான். நாவற்பழ நிறம். அதில் உப்புத் தூவியதுபோலச் சின்னச் சின்ன வெள்ளைப் பூ.

தன் வாழ்க்கையில் ஒரு துணியை அவனே பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது அதுதான் முதல்முறை. வேறு யாருடைய பிள்ளையும் இதைப் போடக்கூடாது என்று தோன்ற, கடையில் இருந்ததை வெட்டவிடாமல் அப்படியே வாங்கி வந்தான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு துணியா என்று செபஸ்தியம்மா பிடித்த சண்டை அடுத்த வீட்டு லூர்த்தம்மாவுக்கும் கேட்டது.

தைத்துக் கொடுத்ததும் லூர்த்தம்மாதான். கோயில் திருநாளுக்குப் போடட்டும் என்று மடித்து வைத்தார்கள்.

திருநாளுக்கு முன்பே தாயும் பிள்ளையும் ராமேஸ்வரத்துக்குப் படகேறினார்கள். விடிந்தால் இராணுவச் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டு, போட்டிருந்த உடுப்போடு போனார்கள். படுக்கையில் கிடந்த தகப்பனை விட்டுப்போக முடியாமல் சிமியோன் நின்றுவிட்டான். பிறகு போக நினைத்தபோது வழி இருக்கவில்லை.

அடுத்த ஆண்டு திருநாள் நெருங்கியபோது, சட்டையையும் மிச்சத் துணியையும் எடுத்துக்கொண்டு அவன் லூர்த்தம்மாவிடம் வந்தான். பிள்ளை வளர்ந்திருப்பாள், கொஞ்சம் பெருப்பித்துத் தரவேண்டும் என்றான். எவ்வளவு என்று அவள் கேட்டாள். அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. வைத்துவிட்டுப் போ என்றாள்.

ஒவ்வொரு ஆண்டும் அப்படித்தான் நடந்தது.

அவள் தையலைப் பிரித்துப் பக்கங்களில் துண்டு கொடுத்தாள். இடுப்பில் பட்டி வைத்தாள். கை போதாமல் வந்தபோது கையைப் புதிதாகவே வெட்டினாள். நூல் கிடைக்காத காலத்தில் பழைய துணியிலிருந்து இழை உருவித் தைத்தாள். சட்டையையும் மிச்சத் துணியையும் ஒன்றாகவே மடித்து வைக்கச் சொன்னாள். நிறம் மங்கினால் இரண்டும் சேர்ந்து மங்கட்டும் என்றாள்.

குண்டு விழுந்த நாட்களில் அந்தப் பொட்டலமும் சிமியோனோடு பதுங்குகுழிக்குள் இறங்கியது.

யாரும் போடாத சட்டை ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. சிமியோனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரில் சிலர் கதைத்தார்கள். லூர்த்தம்மா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவன் மறந்துபோயிருந்த ஆண்டுகளில் அவளே வேலியடிக்கு வந்து சட்டையைக் கேட்டு வாங்கிப் போனாள்.

இப்போது அந்தச் சட்டைக்குள் ஒரு பிள்ளை நின்றாள். உடம்பில் வைத்து அளந்து தைத்ததுபோல இருந்தது.

கத்தரீனாவுக்கே நம்ப முடியவில்லை. அகதி முகாமில் யார் யாருடையதோ உடுப்புகளைப் போட்டு வளர்ந்தவள். தனக்கென்று தைத்தது இப்படித்தான் இருக்குமா என்பதுபோல இடுப்பைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அயலுக்குக் காட்ட வெளியே ஒழுங்கைக்கு ஓடினாள். செபஸ்தியம்மா பின்னால் போனாள்.

சிமியோன் போகவில்லை. இத்தனை ஆண்டுகளில் மகளைப் பற்றி அவனுக்கு வந்த செய்தியெல்லாம் அவள் வளர்ந்துவிட்டாள் என்பது மட்டும்தான். ஒரு படம்கூட வந்து சேரவில்லை.

“எப்பிடி அக்கா? போனதுக்குப் பிறகு நீங்கள் அவளைக் காணவே இல்லையே. ஆரின்ரை அளவிலை தைச்சனீங்கள்?”

லூர்த்தம்மா நிலத்தில் கிடந்த நூல்துண்டுகளைப் பொறுக்கினாள்.

“யோசப்பினின்ரை அளவிலை.”

யோசப்பின் என்பது லூர்த்தம்மாவின் ஒரே மகளின் பெயர். கத்தரீனா பிறந்த அதே ஆண்டு அதே மாதத்தில் பிறந்தவள். எண்பத்தேழில் இதே முற்றத்தில் ஷெல் விழுந்தபோது இறந்துபோனாள். அவளுடைய சவப்பெட்டியைச் சேமக்காலைக்குத் தூக்கிப் போனவர்களில் சிமியோனும் ஒருவன். ஏழு வயதுப் பிள்ளையின் பெட்டி.

அதற்குப் பிறகு எப்படி என்று அவன் கேட்டான்.

“அதுக்குப் பிறகும் அவள் வளந்தவள்தானே, தம்பி” என்றாள் லூர்த்தம்மா.

ஒழுங்கையில் கத்தரீனா திரும்பி வந்துகொண்டிருந்தாள். சரிந்துபோன வேலிக்கு மேலால் அவளுடைய தோள்கள் தெரிந்தன. லூர்த்தம்மா எழுந்து வாசலுக்கு வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த உயரத்தைப் பார்த்தபடி நின்றாள்.