தம்பி வர்ற இடம்

"தம்பி வர்ற இடத்தையெல்லாம் தனியா வெட்டி எடுக்கணும் தாயி. முடியுமா?"

மேஜைமேல் ஒரு வீடியோ கேசட்டை வைத்துவிட்டு நின்றார் சேவுகப்பெருமாள். அறுபதைத் தொடும் வயசு. கொத்தமங்கலத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

பாண்டீஸ்வரி காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. பாஸ்போர்ட் போட்டோ எடுத்தது போக, பழைய கல்யாணக் கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றியும் தருவாள். அதற்கென்றே ஒரு கிழட்டு வி.சி.ஆரைச் சோறு ஊட்டாத குறையாகக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

"யாரு கல்யாணம்ணே இது?"

"நாங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு கல்யாணமுந்தான். ஒரே பந்தல், ஒரே நாளு. தொண்ணூத்தி மூணுல. மொதல்ல நான் தாலி கட்டுவேன், அப்புறம் தம்பி சேதுபதி."

"பெறகு எதுக்குத் தனியா வெட்டச் சொல்றீக?"

"வீட்டைப் பாகம் பிரிக்கிறதுல தகராறு. கேஸ் நடக்குது. எட்டு வருசமா மூஞ்சி குடுத்துப் பேசுறதில்ல."

பாண்டீஸ்வரிக்குச் சுருக்கென்றது. வீட்டைப் பிரிப்பது போதாதென்று கல்யாண வீடியோவையும் பிரிக்க வந்துவிட்டாரே, என்ன மனுஷன் இவர்!

கேசட்டின் மூடியைத் திறந்து பார்த்தாள். டேப் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை.

"இத்தனை வருசம் எங்கண்ணே வச்சிருந்தீக?"

"பரண்ல கெடந்திருக்கு. வெள்ளையடிக்க ஒழிச்சப்பத்தான் ஆப்புட்டுச்சு."

"இது ஒரு தடவை ஓடினா உண்டு. மெஷினும் இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. கேசட்டு, சி.டி. எல்லாத்துக்கும் காலம் முடிஞ்சுபோச்சுண்ணே. கெட்டுப்போனா மாத்துறதுக்குச் சாமான் கெடைக்காது. ஒரு பாதி வந்தா மறுபாதி வராமப் போகலாம். அதனால உங்க கல்யாணத்தை மொதல்ல எடுத்துருவோம்."

"வேணாம். தம்பி பக்கத்தை எடு."

"அப்ப உங்களது போயிருமேண்ணே?"

"போனாப் போகுது. தம்பி சம்சாரம் நாச்சியார் வர்ற இடம் ஒண்ணு விடாம வேணும். மொகம், கழுத்து எல்லாம் தெளிவாத் தெரியணும். சத்தமும் வேணும்."

கழுத்தும் தெரிய வேண்டும் என்றதும் பாண்டீஸ்வரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. போன வருஷம் இப்படித்தான் ஒருவர் வந்து, கல்யாண வீடியோவில் இருக்கும் நகையைக் கோர்ட்டில் காட்ட வேண்டும் என்று படம் எடுத்துக்கொண்டு போனார்.

"சாட்சிக்கா?" என்று வேண்டுமென்றே கேட்டாள்.

"எடு தாயி" என்றார் அவர்.

திருப்பி அனுப்பிவிடலாமா என்று யோசித்தாள். கடை என்று வைத்துக்கொண்டு வருகிறவர்களின் யோக்கியதையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? டேப்பைத் துணியால் மெல்லத் துடைத்துத் துடைத்து, கையாலேயே நடுவரைக்கும் சுற்றினாள். மத்தியானச் சாப்பாடு தள்ளிப்போனது. அவரும் எழுந்திருக்கவில்லை.

மெஷினில் போட்டதும் திரையில் கோடு கோடாக ஓடியது. பிறகு படம் தெளிந்து நின்றது.

மணவறையில் மெலிசான ஒரு பெண். வீடியோ லைட் முகத்தில் அடிக்க, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, "அண்ணே, வெளக்கை அங்குட்டுத் திருப்புங்கண்ணே, கண்ணு கூசுது!" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை சேதுபதியும் சிரித்தான்.

சேவுகப்பெருமாள் ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சத்தம் நல்லா ஏறுதா?"

"ஏறுது" என்றாள் பாண்டீஸ்வரி, முகத்தைப் பார்க்காமல்.

நாற்பது நிமிஷம் ஓடியது. தாலி கட்டு, பந்தி, மறுவீடு எல்லாம் வந்துவிட்டது. சரி, இவர் கல்யாணத்தையும் பார்ப்போம் என்று பின்னால் சுற்றினாள். கறக்கென்று ஒரு சத்தம். மெஷின் நின்றது. திறந்து பார்த்தால் டேப் கசங்கிச் சிக்கிக் கிடந்தது. உள்ளே பெல்ட்டும் அறுந்திருந்தது.

"உங்க பக்கம் போச்சுண்ணே. இனி இந்த மெஷினும் அவ்வளவுதான்."

நல்லா வேணும் என்றும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பென் டிரைவை நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை. மேஜையில் கிடந்த ரசீதின் பின்பக்கம் ஒரு நம்பரை எழுதினார்.

"இது தம்பி நம்பரு. கூப்பிட்டு நீயே குடுத்துரு. பழைய கேசட்டு ஒண்ணு கடையில கெடந்துச்சுன்னு சொல்லு. நான் வந்தேன்னு தெரிஞ்சா வாங்க மாட்டான்."

பாண்டீஸ்வரி ரசீதைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"அப்ப, கோர்ட்டுக்கு இல்லையா?"

"அது வீட்டுக் கேசு. அது பாட்டுக்கு நடக்கும்."

"அதுக்காக உங்க கல்யாணத்தைப் போயி விட்டுட்டீகளேண்ணே! வீட்டுல மதினி கேட்டா என்ன சொல்லுவீக?"

செருப்பை மாட்டிக்கொண்டே சேவுகப்பெருமாள் திரும்பிப் பார்த்தார்.

"எஞ் சம்சாரம் இந்நேரம் மீன் கொழம்பு வச்சுக்கிட்டு இருப்பா, போனதும் பாத்துக்குவேன். நாச்சியாரு கல்யாணமான மறுவருசமே பிரசவத்துல போயிட்டா தாயி. அவ பேசிச் சிரிக்கிறதைத் தம்பி பாக்கணும்னா, இதுல மட்டுந்தான் இருக்கு."