ரெண்டு வார்த்தை பேசிட்டு எடுங்க

ஞாயிறுதோறும் ஒருவர் எடுத்த படத்தை மற்றவர்கள் அலசும் கேமரா சங்கம் அது. போட்டோகிராபர் நீட்டிய படத்தைப் பார்த்து டெய்லர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னண்ணே, என் பொண்ணையும் மேல இருந்தே எடுத்திருக்கீங்க! புள்ள விறைச்சுப்போய் உக்காந்திருக்கு."

"ஆபீஸ்ல எடுத்து எடுத்து அதுவே பழகிடுச்சு," என்றார் அவர், கொட்டாவியை அடக்கிக்கொண்டு.

"வெளிச்சத்துல குறையே இல்ல சார்," என்றார் டீச்சர். "ஆனா உம்முனு எடுக்கிறீங்க. முதல்ல ரெண்டு வார்த்தை பேசுங்க, முகம் தானா இளகும்."

"எங்க ஆபீஸ்ல பேச்சுக்கு வேலையே இல்லைங்க."

"பேசித்தான் பாருங்களேன். இதான் இந்த வார வீட்டுப்பாடம்."

மறுநாள் அலுப்போடு வேலைக்குப் போனார். வழக்கம்போல ஸ்டூலில் ஏறிக் கேமராவைக் கீழே திருப்பியவர், என்ன நினைத்தாரோ, இறங்கி வந்தார்.

"பெரியவரே, ஒரே ஒரு படம். உங்களைத் தேடுறவங்களுக்கு அடையாளம் தெரியணுமில்ல?"

பிணவறை ஊழியர் திகைத்துப்போனார். "சார், யார்கிட்ட பேசுறீங்க?"

"வீட்டுப்பாடம்ப்பா," என்றவர், பெரியவரின் நெற்றியில் கிடந்த முடியை மெல்ல ஒதுக்கிவிட்டார்.