கொஞ்சூண்டு கோணல்

டாக்டரம்மாவுக்குச் சொல்லிச் சொல்லியே வாய் வலித்தது.

"லேசான சிலிண்டர் பவர்தான் சார். கருவிழியோட வளைவுல கொஞ்சூண்டு கோணல், அவ்வளவுதான். பாப்பாவுக்குத் தலைவலி கிடையாது, கண்ணை இடுக்கிப் பார்க்கறதும் இல்ல. இப்போதைக்குக் கண்ணாடி வேண்டாம். ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்க்கலாம்."

"அதுக்குள்ள பவர் ஏறிடுச்சுன்னா?" அப்பாக்காரர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நேத்து டிவியை ஒட்டிப்போய் நின்னா, டாக்டர்!"

"ரிமோட்டைத் தேடினேன்ப்பா" என்றாள் மகள், சுழல் நாற்காலியில் சுற்றிக்கொண்டே. சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையின் கடைசி வரியை அவள் முன்னாலிருந்து ஒருதரம், பின்னாலிருந்து ஒருதரம் படித்துக் காட்டியாகிவிட்டது.

"எதுக்கும் ஒரு கண்ணாடி எழுதிக் குடுத்துடுங்களேன். என் மனசு ஆறும்."

"உங்க மனசு ஆறுறதுக்கு அவ மூக்குல எதுக்கு சார் பாரம்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பெரிய டாக்டர் இங்கயா இருக்கீங்க? உங்க ரூம் வாசல்ல கூட்டம் அலைமோதுது சார்!"

அவர் மனசே இல்லாமல் எழுந்தார். நாற்காலி முதுகில் கிடந்த வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் தடுப்புச் சுவரைத் தாண்டி அவர் குரல் கணீரென்று கேட்டது.

"ஏம்மா, இத்துனூண்டு பவருக்கு யாராவது கண்ணாடி கேட்பாங்களா? நானும் பிள்ளை பெத்தவன்தான். இப்படியா பதறிக்கிட்டு இருக்கேன்?"