ராசியில்லாத கார்டு

"அஞ்சு வருஷமா என் உயிரை வாங்கிடுச்சு," என்றார் கட்டட வரைபடம் போடும் பொறியாளர். திரையில் வீட்டைத் திருப்பினாலே கணினி நொண்டும். வெறுத்துப்போய், திரையில் படத்தை ஓட்டும் பழைய கிராபிக்ஸ் கார்டை மச்சினனிடம் கொடுத்துவிட்டார்.

கணினி மெக்கானிக் புதிய கார்டைப் பொருத்தினார்.

"கேபிளெல்லாம் நானே சொருகிக்கிறேன். அடுத்தவங்க கை பட்டா எனக்கு ஆகாது," என்றார் பொறியாளர்.

சொருகினார். வீடு இப்போதும் நொண்டியது.

மெக்கானிக் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார், மானிட்டர் கேபிளைக் கார்டுல சொருகணும். நீங்க மதர்போர்டுல சொருகியிருக்கீங்க. இப்படி இருந்தா கார்டுக்கு வேலையே இல்ல."

"எப்பவும் அங்கதானே சொருகுவேன்..."

மெக்கானிக் கேபிளை மாற்றினார். வீடு வழுக்கிக்கொண்டு சுழன்றது.

மச்சினன் போனில் வந்தான். "மாமா, நீங்க குடுத்த கார்டு பறக்குது! உங்ககிட்ட மட்டும் ஏன் நொண்டுச்சு?"

பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதுக்கும் எனக்கும் ராசியில்ல, மாப்ள."