சிஹானா வீட்டு வயர்

கல்முனையில் அந்தத் தெருவுக்கு இன்டர்நெட் வேகமாக வந்தது. வெளியே போகத்தான் மறுத்தது. எல்லா வீடுகளிலிருந்தும் போகும் பாதை ஒன்றுதான். ஒரு வீட்டு வயர் கெட்டாலும் அதன் சிக்னல் இரைச்சல் தெருவின் அப்லோடையே கெடுக்கும். கேபிள்காரனான ஹஸ்மீர் கம்பம் கம்பமாக ஏறி, ஒவ்வொரு வீட்டு வயராகக் கழற்றிப் பார்த்தான். இரைச்சல் சிஹானாவின் வீட்டிலிருந்து வந்தது.

சிஹானா அவன் மனைவி. இந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். அவள் மௌத்தாகி அடக்கிய பிறகு கரண்டை வெட்டி, வீட்டைப் பூட்டிவிட்டு, உம்மாவிடம் வந்துவிட்டான். இந்த வயரை மட்டும் விட்டுவைத்திருந்தான். தோஹாவிலிருக்கும் தங்கச்சியோடு அவள் வீடியோவில் கதைத்தது இதில்தான். படம் நின்றுபோனால், "கேபிள்காரன்ட பொஞ்சாதிர மூஞ்சே போகுதில்ல" என்று சிரிப்பாள். இதையும் வெட்டினால் அவளுக்கென்று ஒன்றும் மிஞ்சாது.

ஆனாலும் வெட்டி, வயர் முழுவதையும் இழுத்தெடுத்தான்.

அலுவலகத்திலிருந்து நிதுசன் போன் எடுத்தான்.

"மச்சான், இரைச்சல் நிண்டுட்டு. எல்லா வீட்டிலயும் அப்லோட் நல்லாப் போகுது. அந்தப் பூட்டின வீட்டிலயும்தான். நீ இன்னும் கழட்டல்லியா?"

ஹஸ்மீர் கையிலிருந்த வயரின் முனையைப் பார்த்தான்.

"கழட்டிட்டன்."

"அப்ப அந்த வீட்டு லைன என்ன செய்யிற?"

"அதால ஆருக்கும் கரைச்சலா?"

"ஒரு கரைச்சலும் இல்ல."

"அப்ப உடு."

பல மாதங்களுக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது. வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். உம்மாவின் வீடு வரும்வரை அது இளஞ்சூடாக இருந்தது.